ஒரே சுவடியில் இருவர்

கல்லூரியில் புதிதாகப் புகும் மாணாக்கரை முதல் வாரத்திலேயே ஒருவருக்கொருவர் சிநேகிதராக்கிவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டு நம் மலேசியாவில் நடத்தப்பெறும் ‘சுவாய் கெனால்’ வைபவத்தின்மீது இவ்வாரம் எனக்கு மூண்ட கோபம், ஒலிபெருக்கிகளின்மீது நான் நெடுங்காலமாகக் கொண்டுள்ள துவேஷத்தையும் மிஞ்சிவிட்டது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தோடு இத்தீவிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, விடியற்காலையில் கைதட்டிப் பாடியும் நள்ளிரவு வரையில் கோஷமிட்டும் சோர்ந்துபோய், “மாமா, யார்கிட்டயும் பேசக்கூடத் தெம்பில்ல; எனக்குத்தான் ஏதோ கோளாறு போல” என்று தொலைபேசியில் முறையிட்டான்.

கோளாறு அவனிடத்தில் இல்லை. ஆனால் அதை அவனுக்கு விளக்கப் புகுந்தபோது, வழக்கம்போல என் கை அலமாரியில் உ. வே. சாமிநாதையரின் சுயசரிதமான ‘என் சரித்திர’த்தின்மேல் போய் நின்றது. மறுபடியும் ஐயரவர்களா என்று சலித்துக்கொள்ளும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: 1940இல் ‘ஆனந்த விகட’னில் தொடங்கி, ஆசிரியர் 1942இல் மறைந்தமையால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்ட அந்நூலைக் காட்டிலும் மாணவ வாழ்வின் சுகதுக்கங்களை உள்ளபடி உரைக்கும் வேறொரு நூலை எவரேனும் காட்டுவராயின், அன்றே இவ்வழக்கத்தை விட்டுவிடுகிறேன்.

பதினேழாம் பிராயத்தில், வறுமையும் கூச்சமும் துணையாக மாயூரத்துக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த சாமிநாதையருக்கு ஆகாரத்துக்கு ஓரிடம், பாடத்துக்கு ஓரிடம். இடையில் வந்த வியாதிக்கு ‘அம்மை வடு’ என்று ஓர் அத்தியாயமே உண்டு. உடன் பாடம் கேட்டவர்களில் ஒருவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர். ஒரு பந்தியில் இருந்து உண்ண அக்காலத்து ஆசாரம் இடங்கொடாத அவ்விருவரையும் பழகிக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் ஏவவில்லை. பாடம் இருந்தது, சுவடி இருந்தது, கேட்டதைச் சிந்திக்க அவகாசமும் இருந்தது. 1876இல் திருவாவடுதுறையில் ஆசிரியருடைய அந்திய காலம் நெருங்கியபோது, சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சார்த்திக்கொண்டிருக்க, ஐயர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தார். சைவப் புலவர் ஒருவரைக் கிறிஸ்தவ மாணாக்கர் தாங்க, ஸ்மார்த்த மாணாக்கர் திருவாசகம் படித்த அந்த இடத்தை நான் எத்தனை முறை வாசித்தாலும் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சற்று நேரமாகிறது.

நம் ஜார்ஜ் டவுனிலோ, மாதா கோயிலும் சீனர் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் ஒரே வீதியில் நிற்பதையும், அடுத்த தெருவிலேயே மாரியம்மன் கோயில் இருப்பதையும் விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்படுகிறோம். பெருமை நியாயமானதே. ஆயினும் அருகருகே வசிப்பது வேறு, ஒரே சுவடியின்மேல் இருவர் குனிவது வேறு. இந்த இரண்டாவதைக் கைதட்டி வரவழைக்கலாம் என்று எண்ணுகிற அதிகாரிகளை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் இன்னும் களைத்திருப்பான். பாடம் எப்பொழுது தொடங்கும் என்று மட்டும் கேட்டேன். திங்கட்கிழமை ரசாயனப் பரிசோதனைக்கூடமாம், மேசைக்கு இருவராம். அதுவரையில் கோஷத்துக்குப் போகாமல் தூங்கு என்றேன்; அபராதம் விதித்தால் நான் கட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.