மார்பகப் புற்றுநோய்க்கு நானோ மருந்து: பனியன் கம்பெனி பெண்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

'புற்றுநோய் செல்லை மட்டும் குறிவைக்கும் நானோ மருந்து' என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. அனுப்பர்பாளையத்தில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இருக்கு? பார்க்கலாம்.

இது புது மருந்தா?

பெரும்பாலும் இல்லை. பழைய கீமோ மருந்தையே நுண்ணிய துகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். டாக்ஸோரூபிசினைக் கொழுப்பு உறைக்குள் வைக்கிறார்கள். பாக்லிடாக்சலை ஆல்புமின் புரதத்துடன் சேர்க்கிறார்கள். இந்தத் துகளின் அளவு சுமார் 130 நானோமீட்டர். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு இதை அமெரிக்கா 2005லேயே அனுமதித்துவிட்டது. இரண்டு வகையும் இந்தியாவில் கிடைக்கின்றன. 2012ல் தட்டுப்பாடு வந்தபோது, கொழுப்பு உறை மருந்தான 'லிப்போடாக்ஸை' சன் பார்மாவிடமிருந்து அமெரிக்காவே இறக்குமதி செய்தது.

லாபம் என்ன?

கொழுப்பு உறை, இதயத்துக்கு வரும் பாதிப்பைக் குறைக்கிறது. ஆல்புமின் வகையில் அலர்ஜி தரும் கரைப்பான் இல்லை. 3 மணி நேர டிரிப் 30 நிமிடத்தில் முடியும்.

சிக்கல் எங்கே?

பக்கவிளைவு போய்விடவில்லை, இடம் மாறுகிறது. முதல் வகையில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியலாம். இரண்டாவதில் விரல் மரத்துப்போகலாம். 2005ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தீவிர நரம்புப் பாதிப்பு சாதாரண பாக்லிடாக்சலில் 2%, ஆல்புமின் வகையில் 10%. அதில் கொடுத்த டோஸும் அதிகம்.

பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் விரல் ஓடினால்தான் சம்பளம். அதனால் மருந்து முடிவாகும் முன்பே "நான் டெய்லர்" என்று டாக்டரிடம் சொல்லிடுங்க. மரத்துப்போனால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். டோஸைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம்.

ஐஐடி மெட்ராஸ் கண்டுபிடிப்பு?

ஆஸ்திரேலியாவின் மோனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, சிலிக்கான் நானோ குழாய் வழியே டாக்ஸோரூபிசினைச் செல்லுக்குள் நேரடியாகச் செலுத்தும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். சோதித்தது ஆய்வகச் செல்களிலும் கோழிக் கருவிலும்தான். இது வரட்டும் என்று இப்போதைய கீமோவைத் தள்ளிப்போடக் கூடாது.

சம்பளம் நின்றால்?

இஎஸ்ஐயில் தொடர்ந்து 2 ஆண்டு இருந்து, தேவையான நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு 80% சம்பளம் 2 ஆண்டு வரை கிடைக்கும். கம்பெனியில் உங்க பேருக்கு இஎஸ்ஐ கட்டுகிறார்களா? நல்லா இருக்கும்போதே கேட்டுடுங்க. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம்.