பழைய காரின் அழகு யாருக்குச் சொந்தம்?

பழுதாகிற காரை ரசிப்பதற்கு, பழுதாகாத இன்னொரு கார் வீட்டில் நிற்க வேண்டும்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா போனவர்களுக்கு இது விளங்கும். ஹோட்டல் வாசல்களிலும் கிரகரி வாவிப் பக்கமும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் என்று பழைய பிரிட்டிஷ் கார்கள் பளபளவென்று நிற்கும். பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு. நானும் எடுத்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934 இலேயே தொடங்கிவிட்டது; கார் மோகம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் அப்படி நிற்கும் கார்களின் சொந்தக்காரர்களில் பலர் திங்கட்கிழமை வேலைக்குப் போவது அதில் இல்லை. அதற்கு வேறொரு ஜப்பான் கார் இருக்கும். பழைய கார் வழியில் நின்றுவிட்டால் அவர்களுக்கு அது ஒரு சுவையான கதை. நண்பர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லலாம்.

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் இன்னொரு ரகம் இருக்கிறது. வீட்டில் உள்ள ஒரே வாகனமே அந்தப் பழைய கார்தான். என் மாமா இந்த ரகம். டியூஷன் வகுப்பு எடுக்கிறவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் பாவித்த ஜப்பான் கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, மாமாவின் கைக்கு எட்டியது அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு பிரிட்டிஷ் கார் மட்டும்தான். என்ன கார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. மாமா இதை வாசிப்பார்.

இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவில் நின்றுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கார்கள் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அழகின் பெருமையை நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

முதலில் அழகைப் பற்றி. மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1959 இல் வந்த மினி காரும் அவருடையதுதான். மைனர் கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில், கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டதாம். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, 4 அங்குலம் விலக்கிப் பார்த்துவிட்டு, இதுதான் சரி என்றாராம். அடுத்த முறை ஒரு மைனரைக் கண்டால் பொனட்டின் நடுவில் பாருங்கள், நெடுக ஒரு தட்டையான பட்டை ஓடும். அது அந்த 4 அங்குலம். கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கோ கார் பிடிக்கவே இல்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார். அந்த முட்டைதான் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் ஆனது.

இது முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1948 இல், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில். அந்த வருஷத்தை நாம் வேறொரு காரணத்துக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். மலையகத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, ரோடு வெட்டி வாழ்ந்த நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய சட்டம். கப்பலில் வந்திறங்கிய காருக்கு ஓர் இலக்கத்தகடு அடித்து, இந்த ஊர் வாகனமாகப் பதிந்துகொண்டார்கள். தாத்தா பாட்டிகளுக்கு அந்தப் பதிவு கிடைக்கவில்லை. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்தது. கார்களை யாரும் அப்படிப் பங்கு பிரிக்கவில்லை. அவை பேசாமல் மலையேறிக்கொண்டே இருந்தன.

இலக்கத்தகடு என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பழைய கார் சேகரிப்பவர்கள் 'ஸ்ரீ' எழுத்துத் தகட்டை ஆசையாகப் பாதுகாப்பார்கள். தகடு மாறினால் காருக்கு மதிப்பே போச்சு என்பார்கள். அந்தச் சிங்கள எழுத்தைத் திணித்ததற்கு எதிராக 1958 இல் தார் பூசும் போராட்டம் நடந்தது. அது மலையகத்துக்கும் பரவி, பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். தகட்டைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் துடைத்து வையுங்கள். துடைக்கும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும்.

'வெள்ளைக்காரன் செஞ்ச சாமான், அதான் இன்னும் ஓடுது' என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வசனம். இளையவர்களும் இப்போது அதையே படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். இது உண்மையா என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

இந்தக் கார்கள் நம் மலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், கார்புரேட்டரோ கீழே ஊற்றிய அதே அளவு பெற்றோலைத்தான் ஊற்றும். காற்று குறைந்து பெற்றோல் மிஞ்சினால் எஞ்சின் திணறும், பிளக்கில் கரி பிடிக்கும். ரம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடுபனி இறங்கிய காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கட்டினால், மின்பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாது. கார் இருமும், எழும்பாது. இறக்கத்தில் வேறு பயம். நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். மொரிஸ் மைனரில் முன் சில்லைத் தாங்குகிற கீழ் மூட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு நேரத்துக்கு நேரம் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு அப்படியே மடங்கி உட்கார்ந்துவிடும். உலகம் முழுக்க மைனர்க்காரர்கள் பயப்படுகிற இடம் அது.

ஆக, வெள்ளைக்காரன் செய்து அனுப்பிய சாமான் தன்பாட்டில் ஓடவில்லை. யாரோ ஓட வைத்தார்கள்.

1960களிலும் 70களின் பெரும்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வராது, ஸ்பெயார் பாட்ஸ் வருவதும் கஷ்டம். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் ஜப்பான் கார்கள் குவியத் தொடங்கின. அதுவரை இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டிய காலத்தில்தான் நம் கராஜ்கள் ஒரு பல்கலைக்கழகம் மாதிரி வளர்ந்தன. கிடைக்காத புஷ்ஷைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து எடுப்பார்கள். ஒரு காரின் உறுப்பை இன்னொரு காருக்குப் பொருத்துவார்கள். துருப்பிடித்த தளத்துக்குத் தகரம் வெட்டி ஒட்டுப் போடுவார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவியலுக்குள் கையை விட்டு, தேவையான துண்டைக் கண் பார்க்காமலே எடுப்பார்கள். இந்த வேலையைச் செய்த பாஸ்மாரில் நிறையப் பேர் எழுத்தில் எதையும் படித்தவர்கள் இல்லை. ஹட்டனில் மாமாவின் காரைப் பார்க்கிறவர் லயத்தில் பிறந்தவர்தான். பொனட்டைத் திறக்க முதல் சத்தத்தைக் கேட்பார். "பொயிண்ட் கேப் கூடிப் போச்சு சேர்" என்பார். கேப்பை அளக்க ஒரு சிகரெட் பெட்டி மட்டை. அவ்வளவுதான் கருவி.

ஆகவே அறுபது வருஷம் ஓடிய ஒரு மொரிஸ் மைனரில் இங்கிலாந்து எவ்வளவு, இலங்கை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், வெளித்தோற்றத்தைத் தவிர மிச்சம் நம் கைகளுடையது. நாம் அந்தக் காரை ரசிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். 'துரைமாரின் காரைப் பார்த்துத் தோட்டத்துப் பிள்ளை ஏன் வாயைப் பிளக்கணும்?' என்று பேராதனையில் என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. துரையின் கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்ற ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆனால் துரை போய்விட்டார். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பங்களாக்களில் ஆட்கள் மாறினார்கள். காரைத் தூக்கி நிறுத்தி ஓட வைத்தவர் இங்கேயே இருக்கிறார். அழகு அவர் பக்கம் போய்ச் சேர வேண்டியது.

சரி, ரசிப்போம். ஆனால் பழுதையும் சேர்த்து ரசிக்கச் சொல்கிறார்களே, அங்கேதான் நான் நின்றுவிடுகிறேன்.

'அடிக்கடி மக்கர் பண்றதுதான் அதோட அழகே', 'அதுக்கும் ஒரு மனசு இருக்கு' என்றெல்லாம் பழைய கார் ரசிகர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். மாமாவும் பேசுவார். டிக்கியில் அவர் கொண்டு திரியும் சாமான்களைப் பார்த்தால் நடமாடும் கடை என்பீர்கள்: தண்ணீர்க் கேன், பிளக் இரண்டு, பொயிண்ட் செட், கம்பி, மண்தாள், ஈரம் துடைக்கப் பழைய பனியன், ஏற்றத்தில் சில்லுக்கு வைக்க ஒரு கட்டை. "கார் ஓட்டத் தெரிஞ்சவன் நெறையப் பேரு, கார தெரிஞ்சவன் நான்" என்பது அவர் வசனம். அத்தைக்கு அந்த வசனம் பிடிக்காது. "மூணாவது புள்ளைக்குச் செலவு பண்ற மாதிரி பண்றாரு" என்பார்.

ஒரு மார்கழி இரவு சின்ன மச்சானுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மூடுபனி. கார் எழும்பவில்லை. மாமா பனியனால் துடைத்தார், கம்பி பிடித்தார், கைப்பிடி போட்டுச் சுற்றினார். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் திரீவீலை எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம் 'காருக்கும் ஒரு மனசு இருக்கு' என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை. தோட்டங்களில் இது பொதுக் கதை. பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன கதை நம் ஊரில் எந்த அம்மாவிடம் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். 1990 அம்பியூலன்ஸ் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் லயத்து ரோடு அம்பியூலன்ஸ் ஏறுகிற மாதிரி இருந்தால்தானே அது வாசலுக்கு வரும்? நாட்சம்பளம் 1000 ரூபாவுக்கு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 இல்தான் வர்த்தமானியில் கண்ட மக்கள் நாங்கள். எங்களுக்கு நம்பி ஏறக்கூடிய வாகனம் இன்னும் ஆடம்பரம் மாதிரித்தான் இருக்கிறது. வசதி உள்ளவருக்கோ பழுதாகிற வாகனம் ஆடம்பரம்.

மலையகத்தில் 'பழமை' என்ற சொல்லை யார் சொன்னாலும் நான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது அதனால்தான். பழைய பங்களா ஹோட்டலாகிறது, அழகு. பழைய கார் அதன் வாசலில் நிற்கிறது, அழகு. அதே வயதுள்ள லயமும் அதே மலையில் நிற்கிறது. கூரை ஒழுகுகிறது. அதை யாரும் பாரம்பரியம் என்று விளம்பரத்தில் போடுவதில்லை, பழுது பார்ப்பதும் இல்லை. காருக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதி லயத்துக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று தோன்றும்.

மாமாவுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காரை விற்க வேண்டாம். விற்கச் சொன்னாலும் விற்க மாட்டார். ஆனால் வீட்டு வாசலில் இரவில் எழும்புகிற ஒரு வாகனம் இருக்கட்டும், பழைய ஸ்கூட்டர் என்றாலும் சரி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தாராளமாகக் கொஞ்சலாம். நம்பிக்கையை ஸ்கூட்டரிடம் கொடுத்துவிட்டால், காரிடம் அழகை மட்டும் எதிர்பார்க்கலாம். இருவருக்கும் நிம்மதி.

உங்களுக்குச் சொல்வதும் ஒன்று இருக்கிறது. அடுத்த சீசனில் நுவரெலியாவில் மொரிஸ் மைனரோடு படம் எடுங்கள், நல்லா எடுங்கள். எடுத்துவிட்டுக் காரோடு நிற்கிறவரிடம், "இத யாரு செய்றது?" என்று கேளுங்கள். ஒரு பாஸின் பெயர் கிடைக்கும். பெரும்பாலும் வயதானவராக இருப்பார், அவருக்குப் பிறகு அந்த வேலையைப் படிக்க அவர் பிள்ளைகள் வரவில்லை என்பார். முடிந்தால் அந்தக் கராஜுக்குப் போய், போனில் அரை மணி நேரம் அவரைப் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன வருத்தம், எந்தத் துண்டு எங்கே கடைந்தது, எந்தத் துரையின் கார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மலையகம் 200 என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று எல்லோரும் பேசினோம். கிரீஸ் பிடித்த கையோடு இருக்கிற அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் எழுதவில்லை.