ஒப்பிக்கிறது பேச்சு இல்லீங்க

மேடைன்னாலே கால் நடுங்குற கோஷ்டியா நீங்க? அப்போ நம்ம ஆளுதான், வாங்க. நம்மளை மாதிரி ஆளுங்க கிட்ட "எல்லார்கிட்டயும் கலகலன்னு பழகு, பயம் தானா போயிடும்"னு சொல்றாங்களே, அவங்க மேலதான் இன்னிக்கு கடுப்பு.

அதிகம் பேசாம இருக்கிறது சுபாவம். நாலு பேர் என்ன நினைப்பாங்களோன்னு நடுங்குறது பயம். பயம் போக சுபாவத்தையே மாத்துன்னா, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

எனக்கு இந்தப் பயத்தைக் கொடுத்ததே பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி. யாரோ எழுதிக்கொடுத்த ரெண்டு பக்கம். "அவையோர்க்கு வணக்கம்" தாண்டி மூணாவது வரியில மறந்துபோச்சு, அழுதுட்டே இறங்கினேன். ஒப்பிக்கிறவனுக்கு ஒரு வரி போனா எல்லாம் போச்சு. விஷயம் தெரிஞ்சவன் வேற வரியில சொல்லிட்டுப் போவான்.

காந்தியையே எடுத்துக்குங்க. லண்டன் சைவ உணவுச் சங்கத்துல, எழுதிட்டுப் போனதை வாசிக்கக்கூட முடியாம வேறொருத்தர்தான் வாசிச்சார். பம்பாய் கோர்ட்ல முதல் கேஸ், எழுந்து நின்னார், ஒரு கேள்வியும் வரல, உட்கார்ந்துட்டார். ஃபீஸ் 30 ரூபாயும் வாபஸ். அதே மனுஷன் 1893-ல பிரிட்டோரியாவுல, இந்தியர்கள் கூட்டத்துல, வியாபாரத்துல உண்மையா இருக்கிறதைப் பத்திப் பேசினார். அதுதான் தன்னோட முதல் பொதுப்பேச்சுன்னு சத்திய சோதனையில எழுதியிருக்கார். நடுவுல அவர் கலகலப்பாவா மாறினார்? இல்லை. ரயில்லேர்ந்து இறக்கிவிட்டாங்க, சொல்றதுக்கு விஷயம் கிடைச்சுது. கூச்சம் தன்னைக் குறைவாப் பேச வச்சது நல்லதுன்னும் அவரே சொல்றார்.

அவ்ளோ தூரம் எதுக்கு, எங்க கோட்டைப்பட்டினத்துக்கு வாங்க. எங்க மாமா வீட்டுல நாலு வார்த்தை பேசினா அதிசயம். படகு கரைக்கு வந்து மீன் ஏலம் ஆரம்பிச்சா, அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். மீன் தெரியும், விலை தெரியும். யாரும் எழுதிக் கொடுக்கல.

நானும் இப்ப ஆபீஸ்ல டெமோ குடுக்கிறேன். துண்டுச்சீட்டுல மூணே பாயிண்ட், மிச்சம் நான் எழுதின கோடு. கை இன்னும் நடுங்குது, ஆனா வாய் நிக்கல.

அதனால வாத்தியார்களே, அடுத்த ஆகஸ்ட் 15-க்கு பிள்ளைங்க கையில ரெண்டு பக்கத்தைத் திணிக்காதீங்க. "ஏலம் எப்படி நடக்குது, வந்து சொல்லு"ன்னு கேளுங்க. கடைசி பெஞ்ச் ஊமைக்கோட்டான் முதல் ஆளா எழுந்திருப்பான்.