வெப்ப மரணமும் விதிவாதமும்

விஞ்ஞானத்தின் பெயரால் சோர்வைப் பரப்பும் ஒரு போக்கு எம்மிடையே வளர்ந்து வருகிறது. ஊழையும் கிரகத்தையும் காட்டி, எல்லாம் விதிப்படியே நடக்கும் என்று முன்னர் போதித்தார்கள். இன்று வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியைக் காட்டுகிறார்கள். "எல்லாம் சிதைவதே இயற்கை, பிரபஞ்சமே ஒருநாள் குளிர்ந்து சாகப் போகிறது, சமுதாயத்தைத் திருத்தி என்ன பயன்?" என்பது இவர்களின் கேள்வி. பழைய விதிவாதம் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருந்தது. புதிய விதிவாதம் பாடநூலை வைத்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இக்கருத்தின் பிறப்பை முதலில் நோக்குவோம். பயன்படத்தக்க சக்தி ஓயாது வீணாகிறது என்று 1852 இல் கெல்வின் எழுதினார். பிரபஞ்சத்தின் எந்திரப்பி உச்சத்தை நோக்கிச் செல்கிறது என்று 1865 இல் குளோசியஸ் கூறினார். எங்கும் ஒரே வெப்பநிலை, எங்கும் அசைவின்மை என்ற வெப்ப மரணச் சித்திரம் இவற்றிலிருந்து வரையப்பட்டது. 1951 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், படைத்தவன் உண்டென்பதற்கான வாதங்களில் ஒன்றாக இதே விதியை எடுத்தாண்டார்.

வானத்தின் கணக்கை மண்ணின் வழக்குக்குச் சாட்சியாக அழைப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1823 இல் வட்டுக்கோட்டையில் குருமடம் நிறுவிய அமெரிக்க மிஷனரிமார் அங்கு வானியலைக் கற்பித்தனர். அக்கல்வி எமக்கு நன்மையே செய்தது. ஆனால் புராண அண்டவியலைத் தகர்த்துத் தம் சமயத்துக்கு வழி திறக்கும் கருவியாகவும் அதை அவர்கள் கையாண்டனர். கிரகணத்தின் நேரத்தைச் சரியாகக் கணித்தவர், மோட்சத்தின் வழியையும் சரியாக அறிந்தவராகிவிடுவாரா? ஓர் உண்மையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசென்று வேறொன்றை நிறுவும் இந்தப் பழக்கத்தையே நாம் எதிர்க்கிறோம்.

வெப்ப விதியின் எல்லை எது? மேசையில் வைத்த தேநீர் சக்தியை இழக்கிறது, ஆறுகிறது. அணுக்கருத் தாக்கம் தொடங்குமுன் சுருங்கிக்கொண்டிருக்கும் விண்மீனோ சக்தியை இழக்க இழக்கச் சூடேறுகிறது! ஒளியாகச் சக்தி வெளியேற, வாயுத்திரள் தன் ஈர்ப்பினாலேயே சுருங்குகிறது. அப்போது விடுபடும் ஈர்ப்புச் சக்தியில் ஏறத்தாழப் பாதி வெளியே செல்கிறது. மறுபாதி துணிக்கைகளின் வேகத்தைக் கூட்டுகிறது. வாயுக்கோளம் இவ்வாறு நடக்கும் என்பதற்கு 1870 இல் அமெரிக்கரான ஹோமர் லேன் அடித்தளமிட்டார். மெல்லிய காற்றில் உரசிக் கீழிறங்கும் செயற்கைக்கோளின் வேகம் குறையாமல் கூடுவதும் இதே கணக்குத்தான்.

1962 இல் சோவியத் விஞ்ஞானி அந்தோனவும், 1968 இல் இங்கிலாந்தின் லிண்டன்-பெல், வூட் ஆகியோரும் இன்னும் ஒருபடி சென்றனர். மூடிய கோளத்தில் அடைபட்ட விண்மீன் தொகுதி, மையத்தில் ஓர் எல்லைக்கு மேல் செறிந்துவிட்டால் நிலையான சமநிலையை எட்டாது. மையம் சூடேறிச் சுருங்கிக்கொண்டே போகும். திருவனந்தபுரத்தில் பிறந்த பத்மநாபன் 1990 இல் இத்துறை முழுவதையும் தொகுத்தாராய்ந்தார்.

இவ்வாறு நிகழ்வதன் காரணம் தத்துவச் சிறப்புடையது. ஒரு பொருளை இரண்டாகப் பிரித்தால், இரண்டின் சக்தியையும் கூட்டி முழுமையின் சக்தியைப் பெறலாம் என்ற எடுகோளின் மீதே பாடநூல் வெப்பவியல் நிற்கிறது. கேத்தலிலுள்ள நீருக்கு இது பொருந்தும். அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் தன் அயலை மட்டுமே உணர்கிறது. ஈர்ப்பிலோ ஒவ்வொரு துணிக்கையும் மற்றெல்லாவற்றையும் இழுக்கிறது. எனவே சீராகப் பரவிய நிலை அங்கு இறுதி ஓய்வு அன்று. கட்டியாகித் திரளக் காத்திருக்கும் தொடக்கமே அது.

அப்படியாயின் இரண்டாம் விதி பொய்யா? அன்று. சுருங்கும் வாயுத்திரளின் எந்திரப்பி குறைகிறது. வெளியேறும் ஒளியினால் சூழலின் எந்திரப்பி அதனிலும் மிகையாகக் கூடுகிறது. விதி நிற்கிறது, விதியைக் கேத்தலில் கற்று, அச்சித்திரத்தை அப்படியே வானில் ஒட்டியதுதான் பிழை.

நம்மவரின் பிழையையும் மறைத்தல் நேர்மையாகாது. வெப்ப மரணத்தை மறுத்த எங்கெல்ஸ், சிதறிய வெப்பம் எப்படியோ மீண்டும் திரளும் என்று நம்பினார். அதற்கு வழிமுறை எதையும் அவரால் காட்ட இயலவில்லை. பின்வந்தோர் சிலர் அந்நம்பிக்கையையே நிரூபணமாகக் கொண்டனர். ஈர்ப்பும் எமக்கு நித்திய வாழ்வு தரவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930 இல் கண்ட எல்லைக்குக் கீழே, அதாவது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு திணிவுக்குள், எரிந்தடங்கிய விண்மீனின் சுருக்கம் நின்றுவிடுகிறது. அதன் பின்னர் அதுவும் தேநீரைப் போலவே ஆறும். எமது சூரியனுக்கும் அதுவே கதி. ஆனால் அதற்கு இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் உண்டு.

அதுவரை? ஈர்ப்பினால் திரண்ட சூரியன் சூடாகவும், சூழ்ந்த வானம் குளிராகவும் இருக்கும் அந்த வேறுபாட்டில்தான் எமது பனை வளர்கிறது, நெல் விளைகிறது, சிந்தனையும் பிறக்கிறது. சிதைவின் விதி என்று அவர்கள் அஞ்சவைக்கும் அதே விதியின் ஓட்டத்தில்தான் உயிர் தன்னைக் கட்டியெழுப்புகிறது.

ஆகவே, சமுதாயச் சீரழிவுக்கு எந்திரப்பியைச் சாட்சிக்கு அழைப்போரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது எந்த வெப்ப விதியால்? கடதாசி எரியும் என்பது இயற்கை; அதற்குத் தீ வைத்தது மனிதர். எமது கிணறுகளில் நைத்திரேற்று சேர்வதும் உவர் ஏறுவதும் பிரபஞ்ச விதியாலா, அளவற்ற உரத்தாலும் நீரிறைப்பாலுமா? குற்றத்தை இயற்கையின் தலையில் சுமத்துபவர் குற்றவாளியை விடுவிக்கிறார். திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விடுவதற்கும் நியாயம் கற்பிக்கிறார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். பரீட்சைக்காக விதியை ஒப்புவிக்கப் பழக்குகிறோம். அது எந்த நிபந்தனையில் செல்லும் என்பதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. நிபந்தனை நீங்கிய விதி விஞ்ஞானமன்று; அது வேதவாக்கு. வேதவாக்கைக் கற்ற மாணவன் நாளை எந்தப் பூசாரிக்கும் தலைவணங்குவான், அவர் வெள்ளை மேலங்கி அணிந்து வந்தாலும். விதியையும் அதன் எல்லையையும் ஒருங்கே கற்பிப்போம்.