அர்ச்சனைச் சீட்டும் ஆஞ்சியோ தேதியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஞ்சியோகிராம் தேதி கொடுத்திருந்தால் மட்டும் பொறுமையாக் கடைசி வரைக்கும் படிங்க. மற்றவங்க தெரிஞ்சவங்களுக்கு அனுப்பி வைங்க.

அர்ச்சனைச் சீட்டு எழுதுற மேசையில் உட்கார்ந்தால் ஊர் நிலவரம் முழுக்கத் தெரிஞ்சிடும். பெயர், ராசி, நட்சத்திரம்னு நாங்கள் மூன்றுதான் கேட்போம். கேட்காமலே நான்காவது ஒன்று வரும். "அப்பாவுக்கு ஹார்ட்டுல டியூப் விட்டுப் பார்க்கப் போறாங்க, நல்லபடியா முடியணும்." அதோடு விட மாட்டாங்க. "அப்பா கோவிலுக்கு வந்தா நாங்க சொன்னதா காட்டிக்காதீங்க. சும்மா செக்கப்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. பெரியவர் தனியா வருவார். தன் பெயருக்கே அர்ச்சனை கேட்பார். "பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம். விடிகாலை நாலு மணிக்கே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போற பிள்ளைங்க, அதுங்களை ஏன் கலங்க வைக்கணும்?" என்பார். ஆக, ஒரே வீட்டில் ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தர் பயப்படுறாங்க. இரண்டு பேரும் அம்மன் முன்னாடிதான் அழறாங்க. சாப்பாட்டு மேசையில் ஒருத்தரும் வாய் திறக்கிறது இல்லை.

இதில் எங்கள் கருத்தைத் தெளிவாச் சொல்லிடுறோம். பெத்தவங்ககிட்ட மறைக்காதீங்க. உடம்பு அவங்களுடையது. கையெழுத்துப் போட வேண்டியதும் அவங்கதான். சும்மா செக்கப்னு நினைச்சுப் போய்ப் படுக்கிறவங்க, கவுன் மாட்டி, கைக்கு மரத்துப்போகிற ஊசி போட்டதும்தான் விஷயம் புரிஞ்சு நடுங்கிப் போறாங்க. மேசை மேல படுத்தபிறகு வர்ற பயம், ரெண்டு வாரம் முன்னாடி வீட்டில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய பயம்தான்.

மொழியையும் சொல்லணும். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்த்த அந்தத் தலைமுறைக்கு டாக்டர் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்றது பாதிதான் புரியும். பக்கத்தில் நிற்கிற மகனோ மகளோதான் மொழிபெயர்க்கணும். டாக்டர் அஞ்சு நிமிஷம் விளக்குவார். பிள்ளை அப்பா பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்லப்பா, பார்த்துட்டு அனுப்பிடுவாங்களாம்" என்று முடிச்சிடும். அன்பினால் செய்றதுதான். ஆனா டாக்டர் கேட்ட கேள்வி அப்பா காதுக்குப் போகவே இல்லை. அடைப்பு இருந்தா அதே நேரத்தில் ஸ்டென்ட் வைக்கலாமா? வாங்கிச் சாப்பிடுற நாட்டு மருந்து ஏதாவது இருக்கா? முன்னாடி எந்த ஊசிக்காவது உடம்பு தடிச்சதா? இதுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லணும்.

அப்படி என்னதான் செய்றாங்க? தெரிஞ்சதைச் சொல்றோம். பெரும்பாலும் மணிக்கட்டு வழியா, சில பேருக்குத் தொடை இடுக்கு வழியா, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விடுவாங்க. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். ஆள் முழிப்போடுதான் இருப்பார். குழாய் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகிற நாளங்களின் வாய் வரைக்கும் போகும். அங்கே ஒரு மருந்துச் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் ஓடும் படமா எடுப்பாங்க. சாயம் போகும்போது சில பேருக்கு உடம்பு குபீர்னு சூடாகிற மாதிரி இருக்கும், சில நொடியில் போயிடும். இதை முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லைன்னா பெரியவங்க எதோ ஆகிடுச்சுன்னு பதறிடுவாங்க. பார்க்கிறது மட்டும்னா பல பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிஞ்சிடும்.

ஆபத்தே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான கடுமையான சிக்கல் நூறில் ஒருத்தருக்கும் குறைவாத்தான் வருது. வயசு, சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே இதயம் பலவீனமா இருக்கிறது இதையெல்லாம் பொறுத்து அது கூடும். உங்க அப்பாவுக்கு எவ்வளவுன்னு டாக்டரிடமே நேராக் கேளுங்க. வாட்சாப்பில் "எங்க மாமாவுக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பிக்கிற சொந்தக்காரரிடம் கேட்காதீங்க. அன்னதான வரிசையில் நிற்கும்போதே அப்படி நாலு கதை காதில் விழும்.

இந்தக் குழாய் விடுற விஷயம் புதுசும் இல்லை. 1929-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கை நரம்பு வழியா தன் இதயம் வரைக்கும் தானே குழாய் விட்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கிட்டார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. இப்போ நம்ம ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரியில் இது வழக்கமா நடக்கிற பரிசோதனை. தேவைப்பட்டால் கோலாலம்பூர் ஐ.ஜே.என்.னுக்கு அனுப்புவாங்க.

பூசலார் நாயனார் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். திருநின்றவூரில் சிவனுக்குக் கோவில் கட்ட ஆசைப்பட்டார், கையில் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை வரவழைச்சு, நாள் பார்த்து அடித்தளம் போட்டு, விமானம், கிணறு, மதில், குளம் வரைக்கும் ஒவ்வொன்றாக் கட்டி முடிச்சார். அந்த ஊர் இருதயாலீஸ்வரர் கோவிலுக்கு இன்றைக்கும் இதய நோய்க்காரங்க வேண்டிக்கிட்டுப் போறாங்க. பரிசோதனைக்கு முந்தின வாரம் தூக்கம் வராத வீட்டில் உட்கார்ந்து பேசும்போது எங்களுக்கு அவர் ஞாபகம்தான் வரும். பயமும் அப்படித்தான் மனசுக்குள் கல் கல்லா எழும்புது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன், பிறகு ஐ.சி.யூ., அதுக்கும் பிறகு என்னென்னவோ. என்ன நடக்கும்னு தெரியாத மனசு கையில் கிடைச்சதை வச்சுக் கட்டிக்கிட்டே போகும். அதனால்தான் மணிக்கட்டு, சாயம், படம்னு இவ்வளவு விவரம் எழுதினோம். பெரியவங்களுக்கும் இதே வரிசையில் சொல்லுங்க.

அந்தக் கதையில் காஞ்சி மன்னனிடம் குடமுழுக்கு நாளைத் தள்ளி வைன்னு சிவபெருமானே கனவில் வந்து சொன்னார் இல்லையா, அப்போ நாமும் தேதி தள்ளலாமேன்னு ஒரு அன்பர் கேட்டார். சிரிச்சுட்டோம். ஆனா விஷயம் சிரிப்புக்குரியது இல்லை. "ஆடி முடியட்டும்", "அன்னைக்கு சந்திராஷ்டமம்", "அஷ்டமி", "தைப்பூசம் கழியட்டும்" என்று வாங்கின தேதியை மாத்துறவங்க நம்மில் நிறைய பேர். நாங்களும் பஞ்சாங்கம் பார்க்கிறவங்கதான். ஒண்ணு செய்யலாம். கவுண்டரில் தேதி பேசும்போதே, வேற நாள் இருக்கான்னு ஒரு தரம் கேளுங்க. டாக்டர் காத்திருக்கலாம்னு சொல்லி, வேற நாளும் இருந்தா சரி. இல்லைன்னா கொடுத்த நாள்தான் உங்க நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். விட்ட இடம் அடுத்த வாரமே திரும்பக் கிடைக்கும்னு நினைக்காதீங்க. காய்ச்சலுக்கு ராகு காலம் பார்த்தா கிளினிக் போறோம்? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சை அழுத்துது, வியர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குதுன்னா பஞ்சாங்கத்தையும் பார்க்காதீங்க, எங்களையும் கூப்பிடாதீங்க. 999-ஐக் கூப்பிடுங்க.

நம்மவங்க இதில் அலட்சியமா இருக்க முடியாததுக்கு ஒரு காரணம் இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு இருந்தவங்க 18.3 விழுக்காடு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. நீரிழிவு இருக்கிறவங்களுக்கு இதயத்தில் அடைப்பு இருந்தும் நெஞ்சு வலியே தெரியாமல் போகலாம். "வலியே இல்லையே, எதுக்கு டியூப்?" என்று அப்பா வாதாடினால் இதைச் சொல்லுங்க.

இனி கோவில் சம்பந்தப்பட்டது. கையில் கட்டின மந்திரிச்ச கயிற்றை மிஸ்ஸி கழற்றச் சொல்லலாம். வலது மணிக்கட்டில்தான் பெரும்பாலும் குழாய் விடுவாங்க, அந்த இடம் சுத்தமா இருக்கணும். அங்கே நின்னு சண்டை போடாதீங்க. முந்தின நாளே கோவிலுக்கு வாங்க, ஐயர் முறைப்படி அவிழ்த்துக் கொடுப்பார், சாமி பாதத்தில் வச்சிட்டு, காயம் ஆறினதும் திரும்பக் கட்டிக்கலாம். அம்மாமாருக்குத் தாலி பெரிய கவலை. நகை எக்ஸ்ரே படத்தை மறைக்கும், அதனால் கழற்றச் சொல்வாங்க. மஞ்சள் கயிற்றில் மாத்திக்கிட்டா விடுவாங்களான்னு முன்கூட்டியே கேட்டு வைங்க. விட மாட்டாங்கன்னா அப்பா கையாலேயே வாங்கி வச்சிருந்து, வெளியே வந்ததும் அவரே போட்டு விடட்டும். அந்தக் கொஞ்ச நேரத்தால் எந்தக் குறையும் வராது.

பரிசோதனைக்கு முன்னாடி சில மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்வாங்க. அதையும் நேர்த்திக்கடன் விரதத்தையும் சேர்க்காதீங்க. மூன்று நாள் சரியாச் சாப்பிடாமல் சோர்ந்து போய்ப் படுத்தால் சாமி சந்தோஷப்பட மாட்டார். இன்சுலின், மெட்ஃபார்மின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுற மாத்திரை இதில் எதை அன்னைக்கு எடுக்கணும், எதை நிறுத்தணும்னு டாக்டரோ ஃபார்மசியோ சொல்றபடிதான் செய்யணும். நாமே நிறுத்தக் கூடாது. முடிஞ்ச கையோடு அங்கப்பிரதட்சணம் செய்றேன்னு வேண்டிக்கிட்டவங்களும் உண்டு. தொடை வழியா செய்தவங்க சில மணி நேரம் கால் மடக்காமல் படுத்திருக்கணும், பிறகு சில நாள் பாரம் தூக்கக் கூடாது. பால்குடம், அங்கப்பிரதட்சணம் எதுவானாலும் டாக்டர் சரின்னு சொன்னபிறகுதான். அம்மன் காத்திருப்பாள்.

வெளியே காத்திருக்கிற பிள்ளைகளுக்கும் சாப்பாடு வேணும். ஒருத்தரே நாள் முழுக்க நிற்காதீங்க. அண்ணன் தம்பிக்குள் ஏதாவது மனத்தாங்கல் இருந்தாலும் அன்னைக்கு மட்டுமாவது ரெண்டு பேரும் லீவு போட்டு வந்து நில்லுங்க. உள்ளே போகும்போது பெரியவங்க திரும்பிப் பார்ப்பாங்க, எல்லாரும் வந்திருக்காங்களான்னு.

வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜைக்குப் பிறகு நாங்கள் அன்னதானக் கூடத்தில்தான் இருப்போம். அப்பாயின்மென்ட் அட்டையும் மருந்துப் பையும் எடுத்துட்டு வாங்க, டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தமிழில் ஒரு தாளில் சேர்ந்து எழுதிக்கலாம். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.