குதிரைக்குப் பக்கத்துல நடக்க ஆள் வேணும்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியை யாரெல்லாம் கண்ணால பார்த்தீங்க? கையைத் தூக்குங்க... தெரியும், ஒருத்தரும் இல்லை! ஹாஸ்டல்ல ஞாயிறு விடியறதே மெஸ்ஸுல சிக்கன் வாசனை கிளம்பின பிறகுதானே? கவலைப்படாதீங்க, நானும் அதே கட்சிதான். இந்த வாரம் அந்த ஏழு மணியைப் பத்தித்தான் பேசப்போறேன். கூடவே ஒரு குதிரையைப் பத்தியும்.

குதிரைன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மெரினா மணல்ல ஒரு ரவுண்டு. ஊர் எல்லையில ஐயனாருக்குக் காவல் நிக்கிற மண் குதிரை. ஊர்வலத்துல பயத்தை மறைச்சுக்கிட்டுச் சிரிக்கிற மாப்பிள்ளை. எனக்கும் அவ்வளவுதான் தெரியும். 'சென்னைக்கு வெளியே ஒரு இடத்துல ஸ்பெஷல் குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி பயிற்சி தர்றாங்க. வாலன்டியர் வேணுமாம், வர்றியா?'னு சீனியர் ஒருத்தர் கேட்டார். உடனே தலையாட்டினேன். சமூக சேவை ஆர்வம்னு நினைச்சுடாதீங்க. ஓசியில குதிரை ஓட்டலாம், அப்படியே ஒரு போட்டோ எடுத்து டிபி மாத்தலாம்... அவ்வளவுதான் என் லட்சியம்!

முதல் நாள் போனேன். கையில கொடுத்தது கடிவாளம் இல்லை... கூடையும் மண்வெட்டியும். லாயத்துல லத்தி அள்ளணும்! அடுத்த வாரம் பிரஷ் கொடுத்து, குதிரையைத் தேய்ச்சுவிடச் சொன்னாங்க. 'நேர் பின்னாடி போய் நிக்காதே தம்பி, அதுக்கு அங்கே கண்ணு தெரியாது. காது ரெண்டும் பின்னாடி ஒட்டிப் படுத்துடுச்சுனா கோபமா இருக்குனு அர்த்தம்'னு லாயத்து அண்ணன் பாடம் எடுத்தார். இதை எழுதற இந்த நிமிஷம் வரைக்கும் நான் குதிரை மேல ஏறலை. என் வேலை, குதிரைக்குப் பக்கத்துல நடக்கறது. அதுக்குப் பேர் 'சைடு வாக்கர்'.

'இதெல்லாம் ஒரு வேலையா?'னு நீங்க கேட்கறது காதுல விழுது. பொறுங்க, சொல்றேன்.

முதல்ல, குதிரை மேல உட்கார்ந்தா என்ன நடக்குது? மெக்கானிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்களும் இதைக் கேட்கலாம். குதிரை நடக்கும்போது அதோட முதுகு மேலும் கீழும் போகும், இடமும் வலமும் சாயும், முன்னும் பின்னும் அசையும். எக்ஸ், ஒய், இசட்னு மூணு அச்சுலயும் அசைவு! அது அப்படியே மேலே உட்கார்ந்திருக்கிறவரோட இடுப்புக்குப் போகுது. நாம நடக்கும்போது நம்ம இடுப்பு எப்படி அசையுமோ, கிட்டத்தட்ட அதே மாதிரி. மூளை முடக்குவாதத்தால ஒருநாள்கூடத் தானா நடக்காத ஒரு குழந்தைக்கு, நடக்கறப்போ இடுப்பு எப்படி அசையும்கிற அனுபவம் அந்தச் சேணத்து மேலதான் கிடைக்குது.

குதிரை சாதாரணமா நடந்தாலே நிமிஷத்துக்குச் சுமாரா 100 அடி வைக்கும். 20 நிமிஷத்துக்குக் கணக்குப் போடுங்க... 2,000 அடி. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கொஞ்சம் சாயும், குழந்தை தானா நிமிரணும். 2,000 தடவை இதை 'எக்சர்சைஸ் பண்ணு'னு சொன்னா எந்தக் குழந்தை பண்ணும்? குதிரை மேல உட்கார்ந்தா அதுபாட்டுக்கு நடக்குது.

இதுல ரெண்டு வகை இருக்கு. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தர்றவங்க இவங்கெல்லாம் தங்களோட சிகிச்சையில குதிரையோட அசைவைப் பயன்படுத்தினா அது 'ஹிப்போதெரபி'. நீர்யானை இல்லைங்க, கிரேக்க மொழியில 'ஹிப்போஸ்'னா குதிரை! இன்னொண்ணு, பயிற்சி பெற்ற ஆசிரியர் குழந்தைக்கு ஏத்த மாதிரி சவாரியே கத்துக்கொடுக்கறது. நான் போற இடம் ரெண்டாவது வகை.

இது எப்படி ஆரம்பிச்சுதுனு தேடினப்போ ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. லிஸ் ஹார்ட்டெல். டென்மார்க் நாட்டுக் குதிரை வீராங்கனை. 1944-ல், 23 வயசுல, கர்ப்பமா இருந்தப்போ போலியோ தாக்கிச்சு. குழந்தை நல்லபடியா பிறந்தது. ஆனா அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவே இல்லை. அவங்க மறுபடியும் குதிரை ஏறினாங்க. 1952-ல்தான் ஒலிம்பிக் 'டிரெஸ்ஸாஜ்' போட்டியில, அதாவது குதிரையை நுணுக்கமா நடத்திக் காட்டற போட்டியில, பெண்களுக்கும் முதல்முறையா இடம் கிடைச்சுது. அந்த ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல 'ஜூபிலி'ங்கற குதிரையோட லிஸ் வெள்ளி ஜெயிச்சாங்க. 1956-ல் மறுபடியும் வெள்ளி!

குதிரை மேல ஏறவும் இறங்கவும் அவங்களுக்கு வேற ஆள் வேணும். ஹெல்சிங்கியில பதக்க மேடை ஏறக் கைகொடுத்தது யார் தெரியுமா? தங்கம் ஜெயிச்ச ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சைர். தங்கம் வாங்கினவரே சைடு வாக்கர் ஆயிட்டார் பாருங்க! லிஸ்ஸோட வெற்றி பல நாடுகள்ல இந்த மாதிரி பயிற்சிகளுக்குத் தூண்டுதலா இருந்துச்சு. 1969-ல் இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் இதுக்குனே தேசிய அமைப்புகள் உருவாச்சு. 1996 அட்லாண்டாவுல இருந்து பாராலிம்பிக்ஸ்லயும் குதிரையேற்றம் இருக்கு.

'அப்போ குதிரை ஏறினா ஆட்டிசம் குணமாயிடுமா பாஸ்?' ஆகாது. அப்படி யாராவது சொன்னா, அந்த இடத்துல இருந்து உடனே எஸ்கேப் ஆயிடுங்க. அமெரிக்காவுல கொலராடோவுல 6 முதல் 16 வயசு வரைக்கும் உள்ள நூத்துக்கும் மேல ஆட்டிசக் குழந்தைகளை வெச்சு ஓர் ஆய்வு நடந்து, 2015-ல் வெளியாச்சு. ஒரு குழுவுக்கு 10 வாரம் சவாரி. இன்னொரு குழுவுக்குக் குதிரையே இல்லாம, குதிரையைப் பத்தின பாடம் மட்டும். சவாரி செஞ்ச குழந்தைகளுக்கு எரிச்சலும் பரபரப்பும் குறைஞ்சது, பேசற வார்த்தைகள் கூடிச்சு. இது நல்ல முன்னேற்றம். ஆனா மந்திரம் இல்லை. அதுவும் எல்லாக் குழந்தையும் ஏறிட முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு உறுதியா இருக்காது, குலுங்கினா ஆபத்து. அதனால டாக்டர் சம்மதம் கட்டாயம்.

சரி, சைடு வாக்கர் மேட்டருக்கு வருவோம்.

ஒரு குழந்தை சவாரி செய்ய எத்தனை பேர் வேணும் தெரியுமா? குதிரையைப் பிடிச்சு நடத்த ஒருத்தர். நடுவுல நின்னு சொல்லித்தர ஆசிரியர். பேலன்ஸ் இல்லாத குழந்தைனா, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சைடு வாக்கர். முழங்கையை மடக்கிக் குழந்தையோட தொடை மேல லேசா வெச்சு, சேணத்தோட முன்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டே குதிரையோட வேகத்துக்கு நடக்கணும். பத்து நிமிஷத்துல கை மரத்துப்போகும். ஆனா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையை எடுக்கவே கூடாது. ஒருத்தர் மட்டும் அழுத்திப் பிடிச்சாலும் குழந்தை ஒரு பக்கமா சாயும்.

கை வலியைக்கூடப் பொறுத்துக்கலாம். இதுல கஷ்டமான விஷயம் வேற ஒண்ணு இருக்கு... சும்மா இருக்கறது!

என்கிட்ட வர்றது ஏழு வயசுப் பையன். பெயர் வேண்டாம், 'சின்னவர்'னு வெச்சுக்குவோம். பேச்சு ரொம்பக் கம்மி. அவர் 'போ'னு சொன்னாத்தான் குதிரை நடக்கும். அதுதான் ரூல். முதல் வாரம் அவர் சொல்லலை. குதிரை நிக்குது, நாங்க நிக்கறோம், வெயில் ஏறுது. பத்து செகண்ட்... இருபது செகண்ட்... எனக்கு வாய் நமநமங்குது. 'சொல்லு கண்ணா, போ... போ!'னு எடுத்துக் கொடுத்துட்டேன். ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. 'அவன் வார்த்தையை நீங்க எடுத்துக்காதீங்க தம்பி.' அவ்வளவுதான் சொன்னாங்க. அரியர் விழுந்தப்போகூட எனக்கு அப்படி உறைச்சதில்லை.

அஞ்சாவது வாரம், சின்னவர் குதிரையோட பிடரியைப் பார்த்துக்கிட்டே மெதுவா 'போ'ன்னார். குதிரை நடந்துச்சு. வேலிக்கு வெளியே நின்ன அவங்க அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் அன்னிக்கு ஹாஸ்டலுக்கு பஸ்ல வரலை, பறந்து வந்தேன்!

இப்போ என் வண்டவாளத்தைச் சொல்றேன். ஆறாவது வாரம். சனிக்கிழமை ராத்திரி ரூம் மேட் பர்த்டே. பம்ப்ஸ், கேக், மொட்டைமாடி, மூணு மணி. கண்ணைத் திறந்தப்போ மணி ஒம்பதரை. போன்ல ஏழு மிஸ்டு கால். 'ஒரு வாரம்தானே, வேற யாராவது பிடிச்சிருப்பாங்க'னு திரும்பிப் படுத்துட்டேன். ஆமா... திரும்பிப் படுத்துட்டேன்.

வேற யாரும் இல்லை. அன்னிக்கு இன்னொருத்தருக்கும் காய்ச்சல். ரெண்டு பக்கமும் ஆள் இல்லாம சின்னவரை ஏத்தறது பாதுகாப்பு இல்லை. ரெண்டு பஸ் மாறி வந்தவர், ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, வேலியைப் பிடிச்சபடி ஒரு மணி நேரம் குதிரையைப் பார்த்துட்டு நின்னிருக்கார். கழட்டச் சொன்னா அழுகை. கடைசியில ஹெல்மெட்டோடயே பஸ் ஏறியிருக்கார்.

அடுத்த வாரம் அவங்க அம்மாகிட்ட 'ஸாரிக்கா'ன்னேன். திட்டுவாங்கனு பார்த்தேன். 'பரவாயில்லை தம்பி, உங்களுக்கும் படிப்பு இருக்கும்ல'னாங்க. திட்டியிருக்கலாம்! படிப்பாவது, மண்ணாவது... நான் தூங்கிட்டு இருந்தேன்கா!

அன்னிக்கு சின்னவர் 'போ' சொல்லலை. என்னால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆசிரியை காத்திருந்தாங்க. அவர் குதிரை கழுத்தைத் தட்டினார். 'அதுவும் பேச்சுதான்'னு ஆசிரியை சொல்ல, குதிரை நடந்துச்சு. மறுபடியும் 'போ' வர மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் எனக்கு அலாரமே தேவைப்படலை.

ஏன் இதையெல்லாம் உங்ககிட்ட சொல்றேன்னா... நம்ம கேம்பஸ்ல 'சேவை'னா ஒருநாள் கூத்து. பேனர், டி-ஷர்ட், குரூப் போட்டோ, சர்டிஃபிகேட், கிளம்பு! ரத்ததானம் மாதிரி சில விஷயத்துக்கு ஒருநாள் போதும். இதுக்குப் போதாது. உங்க ஊர் பக்கத்துல இப்படி ஓர் இடம் இருந்தா, சேர்றதுக்கு முன்னாடி பத்து ஞாயிறு உங்களால வர முடியுமானு காலண்டரைப் பாருங்க. செமஸ்டர் தேதியை முன்னாடியே சொல்லிடுங்க. வர முடியலைனா முந்தின நாளே போன் பண்ணுங்க. அவ்வளவு செஞ்சாலே நீங்க பெரிய ஆள்!

காலையில எழுந்திரிக்க முடியாதவங்களுக்கும் வேலை இருக்கு. 400 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 6-ல இருந்து 8 கிலோ வரைக்கும் தீவனம் சாப்பிடும். குளம்பை ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருதடவை சீவணும். மழைனு சவாரி இல்லாத நாள்லயும் அதுக்குப் பசிக்கும். பத்து பேர் சேர்ந்து மாசாமாசம் ஒரு சின்னத் தொகை போட்டா, ஒரு குதிரையோட தீவனச் செலவுல ஒரு பங்கு ஆச்சு. மெக்கானிக்கல், சிவில் மக்களே... வீல்சேரைக் குதிரை உயரத்துக்கு ஏத்தற சாய்தளம் ஒண்ணு டிசைன் பண்ணிக் கொடுங்க. காசு கொடுத்து வாங்கற ஃபைனல் இயர் பிராஜெக்ட்டைவிட அது ஆயிரம் மடங்கு உருப்படி.

என்னோட டிபி? குதிரை மேல போட்டோ இன்னும் எடுக்கலை. ஒண்ணு மட்டும் இருக்கு. சின்னவர் குதிரை மேல, கம்பீரமா. பக்கத்துல ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது நான்தான்!

சரி மக்களே, இன்னிக்கு சனிக்கிழமை. அடுத்த ரூம்ல யாருக்கோ பர்த்டே. நான் தூங்கப்போறேன். அடுத்த வாரம் பார்ப்போம்!