முடிதானே என்பவருக்கு

"உயிரா, மயிரா?" என்று கேட்டு, புற்றுநோய்க்கான கீமோவில் முடி கொட்டி அழும் பெண்களை அடக்குகிறார் நண்பர். பழனியில் மொட்டை போடுவதில்லையா என்று உதாரணம் வேறு. பழனி மொட்டையில் புருவமும் போகுமா? அங்கே நாமாகக் கொடுக்கிறோம். இங்கே டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடி. இமைமுடியும் உதிர்ந்தால் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுப் புழுதி நேரே கண்ணுக்குள். "எந்தக் கோயிலுக்கும்மா வேண்டுதல்?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள்; பொய் சொல்லியாக வேண்டும். முடி போகுமென்று பயந்து சிகிச்சையையே மறுக்கும் பெண்கள் உண்டு. நண்பரே, உங்கள் அதட்டல் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வராது. மருந்து ஏற்றும் முன்பே கிராப் வெட்டிக்கொள்ளலாம், மெல்லிய பருத்தித் துணி கட்டலாம், சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளரும் என்று சொல்லுங்கள். விக் கேட்டால் விலை விசாரித்து வாங்கிக் கொடுங்கள்.